மருத்துவரை விசாரிப்பவர் யார்?

நோயுற்றவர் மருத்துவரிடம் தம்மை ஒப்படைப்பது போல் வேறு எவரிடமும் ஒப்படைப்பதில்லை. வழக்குரைஞரிடம் நம் பத்திரங்களைத் தருகிறோம். பொற்கொல்லரிடம் நம் நகையைத் தருகிறோம். மருத்துவரிடமோ நினைவிழந்த நிலையில் நம் உடலையே தந்துவிடுகிறோம். அந்த நம்பிக்கை பொய்க்காத இடங்களே மிகுதி என்பதை நன்றியோடு ஏற்கிறோம். ஆனால், அது பொய்த்துவிட்டதென ஒருவர் எண்ணும்போது, அவரது முறையீட்டை விசாரிப்பவர் யார், முடிவு செய்பவர் யார் என்னும் வினாவுக்கு நம் நாட்டில் நேர்மையான விடை இல்லை. இதுவே நமது குற்றச்சாட்டு.

கூடுவாஞ்சேரியில் வாழும் நமக்கு மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. நந்திவரத்தில் அரசு மருத்துவமனை உண்டு. தெற்கே செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியும், வடக்கே தாம்பரம் சானடோரியமும் உள்ளன. ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் தனியார் மருத்துவமனைகள் நிற்கின்றன. சிகிச்சைக்கு இத்தனை வாசல்கள் உள்ள ஊரில், முறையீட்டுக்கான ஒரு வாசலையேனும் அறிந்தோர் எத்தனை பேர்? உறவினரைப் பறிகொடுத்தவர்கள் மருந்துச் சீட்டுகளையும் ஸ்கேன் படங்களையும் மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வருகின்றனர். "பணம் வேண்டாம் சாமி, என்ன நடந்தது என்று யாராவது சொன்னால் போதும்" என்பதே அவர்களுள் பலரின் வேண்டுகோள்.

சட்டம் மூன்று வாசல்களைக் காட்டுகிறது. முதலாவது, சென்னை அரும்பாக்கத்தில் இயங்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். மருத்துவரை எச்சரிக்கவும், அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து சில காலத்திற்கோ நிரந்தரமாகவோ நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. இழப்பீடு வழங்கும் அதிகாரம் இல்லை. இரண்டாவது, நுகர்வோர் ஆணையம். மருத்துவப் பணியும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டதே என உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டு சாந்தா வழக்கில் தீர்ப்பளித்ததால் திறந்த வாசல் இது. மூன்றாவது, காவல் நிலையம். 2005-ஆம் ஆண்டு ஜேக்கப் மாத்யூ வழக்கின் தீர்ப்புப்படி, நடுநிலையான, தகுதிவாய்ந்த மருத்துவர் ஒருவரின் கருத்தைப் பெறாமல் காவலர் மருத்துவர்மேல் நடவடிக்கையைத் தொடர இயலாது. வாசல்கள் மூன்றாயினும் அவற்றைத் திறக்கும் சாவி பெரும்பாலும் ஒன்றே. அது மற்றொரு மருத்துவர் தரும் கருத்து. அந்தச் சாவி எவர் கையில் உள்ளது, எத்தனை காலத்தில் கிடைக்கிறது என்பதில்தான் ஏழையின் நீதி சிக்கிக்கிடக்கிறது.

எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு பெண் குழந்தை 29 வாரத்தில், 1,250 கிராம் எடையுடன் பிறந்தது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையை அழிக்கும் நோயொன்று உண்டு. உரிய காலத்தில் கண்களைப் பரிசோதித்தால் பார்வையைக் காக்க வாய்ப்புண்டு. இக்குழந்தைக்கோ அப்பரிசோதனை செய்யப்படவில்லை. அதன் தேவையும் பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. பெற்றோர் தேசிய நுகர்வோர் ஆணையத்தை நாடினர். டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் மருத்துவர் குழு தன் கருத்தை வழங்க, ஆணையம் 2009-ஆம் ஆண்டு 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு அளித்தது. உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் அதனை ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சமாக உயர்த்தியது. அப்போது அந்தக் குழந்தைக்கு 18 வயது முடிந்திருந்தது! தொகையை எண்ணி வியப்பவர்கள் ஆண்டுகளையும் எண்ணிப் பார்க்கட்டும்.

இதற்கு மாறான மற்றொரு நிகழ்வும் உண்டு. 2022 நவம்பரில், பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை பெற்ற 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர், இறுகக் கட்டிய கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் காலை இழந்தார். பின்னர் உயிரையும் இழந்தார். செய்தித்தாள்கள் எழுதின, மக்கள் கொதித்தனர். சில நாள்களிலேயே மருத்துவர் குழு விசாரித்து அறிக்கை தந்தது. இரு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். ஆக, விரைவாக விசாரிக்க நம் அமைப்புக்கு இயலாது என்று எவரும் சொல்வதற்கில்லை. ஊர் பார்க்கும்போது சில நாள், பார்க்காதபோது பல்லாண்டு என்றால், அதனை நீதி என்று அழைக்கலாமா?

"மருத்துவம் அறிந்தவரே மருத்துவரை எடைபோட முடியும்" என்பர். இதில் பாதி உண்மையே. கிணற்றின் ஆழத்தை வெட்டியவரிடம் கேட்கலாம்; தண்ணீரின் சுவையைக் குடித்தவரிடமும் கேட்க வேண்டும் அன்றோ? நோய் பற்றிய கருத்தை மருத்துவர் தரட்டும். உண்மையைச் சொன்னார்களா, ஒப்புதல் பெற்றார்களா, அழைத்தபோது வந்தார்களா என்பனவற்றை எடைபோட மருத்துவப் பட்டம் எதற்கு? நம் கவுன்சிலிலோ முறையீட்டைக் கேட்க அமர்வோர் பெரும்பாலும் மருத்துவர்களே. முறையீட்டின்மேல் 6 மாதத்திற்குள் முடிவெடுக்க வேண்டுமென 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் வரையறுத்துள்ளன. மாநிலக் கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்ட எவரும் 60 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று 2004-ஆம் ஆண்டின் திருத்தம் கூறியது. ஆனால் 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் தன் 30-ஆம் பிரிவில் மேல்முறையீட்டு உரிமையை மருத்துவருக்கே சொல்கிறது. நோயாளியைப் பற்றிப் பேசவில்லை. தராசின் ஒரு தட்டை மட்டும் தாங்கிப் பிடிக்கும் சட்டம் இது.

இங்கிலாந்தும் இதே பாடத்தைப் பெரும் விலை கொடுத்தே கற்றது. ஹெரால்டு ஷிப்மன் என்னும் குடும்ப மருத்துவர் 2000-ஆம் ஆண்டு 15 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டார். பின்னர் நடந்த பொது விசாரணை, அவரால் மாண்டோர் 200-க்கும் மேற்பட்டோர் எனக் கண்டது. பொது மருத்துவக் கவுன்சில் நோயாளிகளைக் காட்டிலும் மருத்துவர்களையே காக்க முனைந்தது என்றும் சாடியது. இன்று அக்கவுன்சிலில் பாதிப் பேர் மருத்துவர் அல்லாதோர். குற்றச்சாட்டை விசாரிப்பவரே தீர்ப்பும் அளிக்கலாகாது என்று 2012-ஆம் ஆண்டு முதல் தனித் தீர்ப்பாயம் இயங்குகிறது. இதனால் அங்கே மருத்துவம் அழிந்துவிடவில்லை.

முறையான விசாரணையை மருத்துவர்கள் அஞ்ச வேண்டியதில்லை; அது அவர்களுக்கும் அரணாகும். தானியேல் நூலில் வரும் சூசன்னாவை நினைவுகூர்வோம். அவர்மேல் பழி சுமத்திய முதியோர் இருவரும் மக்களின் நடுவர்கள். அவர்களது தகுதியைப் பார்த்தே சபை நம்பியது. குற்றமற்றவருக்குச் சாவுத் தீர்ப்பிட்டது. தானியேல் செய்தது என்ன? சாட்சிகளைத் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தடியில் கண்டீர் என்று ஒரே வினாவைக் கேட்டார், பொய் வெளிப்பட்டது. தகுதியைப் பார்த்து நம்புவது விசாரணை ஆகாது. வினவி அறிவதே விசாரணை. பழி சுமத்தப்பட்ட நல்ல மருத்துவரையும் அதுவே காக்கும்.

விசாரணையில் நம்பிக்கை இழந்த சமூகத்தில் கத்தி பேசத் தொடங்குகிறது. 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், தம் தாய்க்குச் சரியான சிகிச்சை தரவில்லை என்று சொல்லி இளைஞர் ஒருவர் புற்றுநோய் மருத்துவரைக் குத்தினார். அக்கொடுஞ்செயலுக்கு எக்காரணமும் நியாயமாகாது. மருத்துவரைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008-ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் சட்டம் வந்தது, அது வேண்டியதே. ஆயினும், தாக்குவோருக்குச் சிறைக்கதவைத் திறந்து வைக்கும் அரசு, முறையிடுவோருக்கு விசாரணைக் கதவையும் திறந்து வைக்கக் கடமைப்பட்டுள்ளது.

எனவே நாம் கேட்பவை மிகையானவை அல்ல. மருத்துவக் கருத்தை வேறு மாவட்டத்து வல்லுநர்கள் வழங்கட்டும். விசாரணைக் குழுவில் ஓய்வுபெற்ற நீதிபதியும், செவிலியரும், பொதுமக்களின் சார்பாளரும் அமரட்டும். 6 மாதத்திற்குள் முடிவு வரட்டும். அது காரணங்களுடன், முறையிட்டவர் படித்தறியும் தமிழில் வரட்டும். 30-ஆம் பிரிவில் நோயாளியின் மேல்முறையீட்டு உரிமையும் எழுதப்படட்டும்.

இதனைப் பிறரிடம் கேட்குமுன், திருச்சபையின் பெயரால் நடக்கும் மருத்துவமனைகள் முன்வர வேண்டாமா? வரவேற்பறையில் திருவுருவம் இருந்தால் போதாது. வெளியார் அமர்ந்து விசாரிக்கும் முறையீட்டுக் குழுவும் இருத்தல் வேண்டும்.

பொதுநிலையினராகிய உங்களுக்கும் இதில் பங்குண்டு. சிகிச்சைப் பதிவேடுகளின் நகலை எழுத்து வழியே கேளுங்கள். 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும் என்பது விதி. நுகர்வோர் ஆணையத்திற்குச் செல்ல 2 ஆண்டுகளே காலவரம்பு. செங்கல்பட்டில் மாவட்ட ஆணையம் உள்ளது. நம் அன்பியங்களில் கற்றறிந்த ஒருவர், எழுத அறியாத ஒருவருக்கு முறையீட்டை எழுதித் தரட்டும். அவரோடு அரும்பாக்கம் வரை ரயிலேறிச் செல்லட்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருவோரிடம், 30-ஆம் பிரிவைத் திருத்துவீர்களா என்று நேராகவே கேளுங்கள்.