மாதிரி மட்டும் போனால் போதுமா?

பவளக்கூட்டில் படிந்த ஸ்ட்ரான்சியம் பழைய கடலின் வெப்பத்தைச் சொல்லும். அந்தமான் பவளத்தில் அதனை எக்ஸ் கதிரால் ஆராய, இந்தூர் இராஜா இராமண்ணா மையத்தில் 172.5 மீட்டர் சுற்றளவுள்ள இண்டஸ்-2 எலெக்ட்ரான் வளையம் உண்டு.

"மாதிரியை அஞ்சலில் அனுப்பினால் போதாதா? கடல் கடந்து ஆள் எதற்கு?" என்பர் சிலர். போதாது என்பேன் நான்! கதிர் கிடைப்பதோ குறித்த நேரம். மாதிரி தடித்தால் கதிர் ஊடுருவாது. மெலிந்தால் குறி தெளியாது. அப்போதே மாற்றியமைக்க, அதை ஆக்கியவரே அருகிருக்க வேண்டும்.

ஆகவே, பவளம் எடுக்க வனத்துறை அனுமதியை முதலில் பெறுவோம். பல தடிப்புகளில் மாதிரிகளை இங்கேயே செய்வோம். சென்னைக் கப்பலுக்கு ஏறத்தாழ மூன்று நாள் ஒதுக்குவோம். செலவுக்குப் பல்கலைக்கழகம் வழி செய்யட்டும். பவளம் மட்டும் போனால் முடிவு வரும். மாணவரும் போனால் அறிவு வரும்!