குரங்கின் மீது பழி

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நண்பகலுக்குச் சற்று முன்னர் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் புகுந்த குரங்கே காரணமென அமைச்சர் கூறினார். இலங்கையைக் குரங்கு எரித்த கதை பழையதென நண்பர்கள் நகைத்தனர். ஒரு குரங்கினால் தேசத்தின் மின்வலையே சரியுமெனில், குற்றம் குரங்கினதா, வலையினதா?

அன்று கூரைகளில் வெயில் எறித்துக்கொண்டுதானிருந்தது. ஆயினும் வலை வீழ்ந்ததும் சூரிய மின்தகடுகளின் இன்வேட்டர்களும் அணைந்தன. மின்கம்பத்தில் ஏறுவோனின் உயிர் கருதிய ஏற்பாடு அது, குறைகூறேன். ஆனால் ஊர்தோறும் சிறுவலையாகப் பிரிந்து இயங்க அவற்றுக்கு யாரும் கற்பிக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் புத்தாண்டில் கேள்வி குறைந்தபோதும், கூரைத் தகடுகளை அணைத்துவைக்குமாறே மின்சார சபை வேண்டியது.

மீடிறனையும் வோல்ற்றளவையும் மத்தியிலிருந்தே ஆளவேண்டும், இன்றேல் குழப்பமே என்பர். கலைப்பீடத்தானுக்கு இதிலென்ன வேலை எனவும் கேட்பர். அதிகாரம் எங்கிருக்க வேண்டுமென்பது எமது பாடமன்றோ!

மின்கலத்தோடிணைந்த இன்வேட்டரை, சுமை கூடும்போது மீடிறனை 50 ஹேட்ஸிலிருந்து சற்றே தாழ்த்துமாறு அமைக்கலாம். சிறுவலையெங்கும் மீடிறன் ஒன்றேயாதலால், செய்தி எதுவும் அனுப்பாமலே ஒவ்வொன்றும் தன் வலுவுக்கேற்பச் சுமையைப் பகிரும். வோல்ற்றளவு இடத்துக்கிடம் வேறுபடுவதால் அங்கு பங்கீடு செம்மையுறாது. மீடிறனும் தானாக 50இற்கு மீளாது. ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் மத்தி வேண்டியதில்லை. ஒவ்வோர் இன்வேட்டரும் அயலிலுள்ளதோடு மட்டும் அளவுகளைப் பரிமாறித் திருத்திக்கொள்ளும் முறைகள் உள.

யாழ்ப்பாணக் கடலில் எழுவைதீவு உள்ளது. சூரியன், காற்று, டீசல், மின்கலம் சேர்ந்த சிறுவலையே அதற்கு மின் தருகிறது. தேசிய வலையோடு அதற்குத் தொடுப்பில்லை. பாணந்துறைக் குரங்கின் கை அத்தீவுக்கு எட்டாது.