குட்டி எஞ்சினும் கள்ளக்குறிச்சி உளியும்

சாவி கொடுத்தால் ஓடுகிற ரயில் உண்டு. பாட்டரி போட்டால் ஓடுகிற ரயில் உண்டு. இவை குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்கள். தண்ணீர் ஊற்றி, நெருப்பு மூட்டி, ஆவி கிளம்பியதும் "குப், குப்" என்று மூச்சு விட்டுக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வருகிற ரயில் ஒன்றும் உண்டு. அது பெரியவர்களின் பொழுதுபோக்கு. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர், பூச்செடிகளுக்கு நடுவே தண்டவாளம் போட்டு, இந்தக் குட்டி எஞ்சின்களை ஓட்டிப் பொழுது போக்குகிறார்கள்.

நம் பக்கத்தில் இது அபூர்வம். எஞ்சின் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டும். விலையோ ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலையை எட்டும். அவ்வளவு கொடுத்து வாங்கினாலும் பெட்டியைத் திறந்ததும் ஒரு குறை தெரியும். எஞ்சின் ஓடும், ஆனால் மொட்டையாக இருக்கும். உள்ளே டிரைவர் இல்லை, கரி இல்லை, விளக்கு இல்லை, ஊர்ப்பெயர் இல்லை. இவற்றையெல்லாம் சேர்த்து அதை உண்மையான எஞ்சினாக்கும் நகாசு வேலைதான் இந்தப் பொழுதுபோக்கில் பாதி. அந்த வேலைக்குக் கள்ளக்குறிச்சியைப் போல ஏற்ற ஊர் வேறில்லை.

ரயிலுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரிக்கலாம். சின்னசேலத்திலிருந்து பதினாறு கிலோமீட்டர் தூரத்துக்கு ரயில் பாதை வேண்டும் என்று பல்லாண்டு கேட்டுக் காத்திருந்த ஊர் அல்லவா அது? உண்மைதான். ஆனால் அந்த ஊரில் உளி இருக்கிறது.

அளவு நம்முடையது

முதலில் ஒரு சிறு கணக்கு. மீட்டர்கேஜ் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் 1,000 மில்லிமீட்டர். அதை இருபத்திரண்டரையால் வகுத்தால் ஏறக்குறைய 44½ மில்லிமீட்டர் வரும். தோட்ட ரயில்களில் பிரபலமான பாதையின் அகலம் 45 மில்லிமீட்டர். ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரத்து லேமன் கம்பெனி 1968-ல் வெளியிட்ட தோட்ட ரயில்கள் இந்தக் கணக்கில் அமைந்தவையே. நம் நாட்டில் 'நாரோகேஜ்' என்றால் மீட்டர்கேஜைவிடக் குறுகிய பாதை. மேல்நாட்டு மாதிரி ரயில்காரர்களோ 1,435 மில்லிமீட்டருக்குக் குறைந்த எல்லாவற்றையுமே குறுகிய பாதை என்று சொல்லிவிடுவார்கள்.

சின்னசேலம் வழியாகப் போகும் சேலம்–விருத்தாசலம் பாதை இந்த நூற்றாண்டில்தான் அகலப் பாதையாயிற்று. அதற்கு முன் அது மீட்டர்கேஜ். ஆகவே அந்த 45 மில்லிமீட்டர் அந்நிய அளவல்ல. சின்னசேலத்துப் பெரியவர்கள் சிறுவயதில் வேலி ஓரம் நின்று கையசைத்த ரயிலின் அளவு அது.

அந்தக் கணக்கில் ஐந்தரை அடி உயரமுள்ள டிரைவர் ஏழரை சென்டிமீட்டர் இருப்பார். ஓர் அங்குலத் தடிமனுள்ள கைப்பிடிக் கம்பி ஒரு மில்லிமீட்டர் கம்பியாகிவிடும். ரிவிட் ஆணியின் தலை கடுகைவிடச் சிறியதாகும். கண்ணும் கையும் ஒத்துழைத்தால்தான் வேலை நடக்கும்.

மூன்று எஜமானர்கள்

கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிற மாதிரிக்கு எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். ஆவியில் ஓடும் எஞ்சினுக்கு அது ஆகாது. அதற்கு மூன்று எஜமானர்கள் உண்டு: சூடு, கை, கண்.

முதலாவது சூடு. செம்புத் தகட்டை வெள்ளிப் பற்றாசு வைத்து இணைத்துச் செய்த கொதிகலனில் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு வரை அழுத்தம் ஏறுவது சாதாரணம். அப்போது உள்ளே சூடு 140 டிகிரி சென்டிகிரேடை எட்டும். பிளாஸ்டிக் பொம்மையை அதன் அருகே நிறுத்தினால் டிரைவர் சற்று நேரத்தில் குனிந்து கும்பிடு போட்டுவிடுவார். கொதிகலனைத் தொடும் எதுவும் உலோகமாக இருக்கவேண்டும். அதில் துளை போடுவது, பற்றவைப்பது என்ற பேச்சே கூடாது. ஆபத்துக் காலத்தில் ஆவியை வெளியேற்றும் சேஃப்டி வால்வை அழகுக்காக மூடிவிடவும் கூடாது. அழகு போனால் மறுபடி செய்துகொள்ளலாம். விரல் போனால் வராது.

இரண்டாவது கை. ஓட்டுகிறவர் வாயுவைத் திறக்கவேண்டும், எண்ணெய் ஊற்றவேண்டும், தடம் புரண்டால் தூக்கி வைக்கவேண்டும். தோட்டம் என்றால் சருகு விழும், எறும்புப் புற்று கிளம்பும், தவளை குறுக்கே உட்காரும். பிடித்ததும் கழன்று வருகிற கைப்பிடியும், திறக்க முடியாத கூரையும் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் பிசகுதான். கரித்தொட்டியில் கரியை நிரந்தரமாக ஒட்டிவிட்டால் அடியில் வாயுத் தொட்டி வைத்துள்ள எஞ்சினில் என்ன செய்வது? மெல்லிய பலகையில் ஒட்டி, மூடிபோல எடுக்க வசதி செய்யவேண்டும். நெய்வேலிக் கரி பக்கத்தில்தானே கிடைக்கிறது என்று அதைக் கொண்டுவரக்கூடாது. அது பழுப்பு நிறம். அடுப்புக்கரியை உடைத்துச் சலித்தால் பொருத்தமாக இருக்கும்.

மூன்றாவது கண். ஓடுகிற ரயிலை மக்கள் ஆறடி தூரத்தில் நின்றே பார்க்கிறார்கள். அங்கே ஆயிரம் ஆணித் தலைகள் தெரியா. புகைபோக்கியின் உருவம், விளக்கு, எண் பலகை, உள்ளே நிற்கும் ஆட்கள் – இவையே தெரியும். ஆகவே எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

அழுக்கைக்கூட அவசரப்பட்டுப் பூசவேண்டியதில்லை. எஞ்சினில் எண்ணெய்க் கிண்ணம் ஒன்று உண்டு. அதற்குள் புகும் ஆவி குளிர்ந்து நீராகி அடியில் தங்கும்; எண்ணெய் மேலே எழும்பி, ஆவியோடு கலந்து சிலிண்டருக்குப் போய் பிஸ்டனை வழுக்க வைக்கும். மிச்சம் புகைபோக்கி வழியாகத் துளித்துளியாகத் தெறிக்கும். பத்து நாள் ஓட்டினால் போதும்; எந்தச் சாயக்காரரும் பூசமுடியாத கறுப்பு மினுமினுப்பு தானாக வந்துவிடும்.

உளிக்கு வேலை

இனிக் கள்ளக்குறிச்சிக்கு வருவோம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து மரச் சிற்பிகள் வாகையிலும் தேக்கிலும் தெய்வத் திருவுருவங்களைச் செதுக்கிப் பேர் வாங்கியவர்கள். 2021-ல் கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முகத்தின் நீளத்தை ஒரு தாளமாகக் கொண்டு உருவத்தை அளப்பது அவர்கள் மரபு. மனித உருவத்துக்கு எட்டுத் தாளம் என்பது சிற்ப நூல்களின் கணக்கு. ஏழரை சென்டிமீட்டர் டிரைவருக்கு முகம் ஒன்பது மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும். மேல்நாட்டான் அச்சில் வார்க்கிற பொம்மையை, இவர்கள் மரபுக் கணக்கிலேயே செதுக்கிவிடலாம்.

மரம் சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. பிளாஸ்டிக்கைப்போல் உருகி வளையாது. நன்றாக உலர்ந்த வாகையில் செதுக்கி, கொதிகலனிலிருந்து ஒரு விரல் தள்ளி நிறுத்தினால் டிரைவர் வெகுகாலம் உத்தியோகம் பார்ப்பார். தலையில் முண்டாசு, தோளில் துண்டு, கையில் மண்வாரி, நெருப்பைப் பார்த்துச் சுருங்கிய கண் – இப்படி ஒரு ஃபயர்மேனை வெளிநாட்டுக் கடையில் வாங்க முடியுமா? நீலகிரி ரயிலுக்குத் திருச்சி பொன்மலைத் தொழிற்சாலை இந்த நூற்றாண்டிலும் புதிதாக நீராவி எஞ்சின்கள் கட்டியது. அதைச் செய்த தமிழ்நாட்டில், குட்டி எஞ்சினுக்கு இரண்டு ஆட்களைச் செதுக்கவா முடியாது?

இன்னொரு வேலையும் உண்டு. விளக்கு, புகைபோக்கி விளிம்பு போன்ற பித்தளைப் பாகங்களை வார்க்க முதலில் மரத்தில் மாதிரி வேண்டும். அதை மணலில் பதித்து, அந்தக் குழியில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பித்தளை ஆறும்போது சற்றுச் சுருங்கும் என்பதால் மாதிரியை நூற்றுக்கு ஒன்றரை பங்கு பெரிதாகச் செய்யவேண்டும். இந்த நுணுக்கத்தைச் சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளாத கையல்ல அந்தக் கை.

இல்லாத ரயில்

எந்த ரயிலைச் செய்வது? மேல்நாட்டுத் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒருநாளும் போடப்படாத, ஆனால் போட்டிருக்கக்கூடிய ஒரு பாதையைக் கற்பனை செய்து, அதற்கு ஸ்டேஷனும் சரக்கும் அமைப்பார்கள். சின்னசேலத்தில் பிரிந்து, கள்ளக்குறிச்சி வந்து, கச்சிராயபாளையத்தில் கல்வராயன் மலையடிவாரத்தைத் தொடும் ஒரு மீட்டர்கேஜ் கிளைப் பாதையை நினைத்துப் பாருங்கள். கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. ஜாவாத் தீவில் கரும்புச் சக்கையையே எரித்து ஓடிய குறுகிய பாதை எஞ்சின்கள்தாம் வயலிலிருந்து ஆலைக்குக் கரும்பு இழுத்தன. நம் குட்டி ரயிலும் கரும்பு இழுக்கட்டும். மலையிலிருந்து இறங்கும் கடுக்காய் மூட்டையும் மரவள்ளிக் கிழங்கும் அடுத்த வண்டியில் ஏறட்டும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் "கள்ளக்குறிச்சி" என்று எழுதிய ஸ்டேஷன் நடுவில் இருக்கட்டும்.

மலைக்கு மேலேயும் ஏற்றலாமே என்று ஆசை வரும். அடக்கிக்கொள்ளவேண்டும். மேட்டுப்பாளையம்–உதகை ரயில் 12½ அடிக்கு ஓர் அடி என்ற செங்குத்தில் ஏறுவதற்குப் பல் சக்கரம் இருக்கிறது. வழுவழுத் தண்டவாளத்தில் குட்டி எஞ்சினுக்கு 50 அடிக்கு ஓர் அடியே போதும்.

பணக்காரர் விளையாட்டா?

கடைசியாக ஓர் ஆட்சேபம். மலையிலும் அடிவாரத்திலும் மக்கள் கூலி தேடி வெளியூர் போகும்போது, பணக்காரர் விளையாட்டுக்கு ஏன் இத்தனை பேச்சு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. விளையாடுகிறவர் பணக்காரராக இருக்கட்டும். வேலை செய்கிறவருக்குக் கூலி சரியாகக் கிடைக்கிறதா என்பதுதான் பார்க்கவேண்டியது. தெய்வச் சிலையை வாங்குகிறவர்களும் வசதி படைத்தவர்கள்தாமே? ஒரே வகைச் சரக்கை நம்பியிருக்கும் கைத்தொழில் சந்தை மந்தமானால் தவிக்கும். இரண்டாவது சரக்கு கையில் இருந்தால் மகன் உளியைக் கீழே வைக்காமலிருக்க ஒரு காரணம் கிடைக்கும்.

ஒரு நிபந்தனை மட்டும் அவசியம். செதுக்கியவர் பெயர் பொம்மையின் அடியில் இருக்கவேண்டும். எஞ்சின் கட்டிய கம்பெனி தன் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்துப் பெருமையாக ஒட்டுகிறது. சிற்பியின் பெயருக்கு மட்டும் இடமில்லையா?

எஞ்சினை எந்தத் தேசத்திலும் வாங்கலாம். அதற்கு ஓர் ஊர் வேண்டும். அந்த ஊரை வாகைக் கட்டையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற கை கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. கேட்கவேண்டியவர்கள் இன்னும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.