கீரைக்கும் கணக்கு வேண்டுமா?

உண்ணும் உணவைக் கலோரிக் கணக்கில் எழுதிப் பார்க்கும் பழக்கம் இன்று நகரங்களோடு நின்றுவிடவில்லை. நீரிழிவுச் சிகிச்சைக்குச் செல்லும் முதியவர், எடையைக் குறைக்க முயலும் இளைஞர், போசாக்குத் திட்டத்துக்காகக் குடும்பங்களின் உணவைப் பதிவேட்டில் எழுதும் கிராமத் தொண்டர் ஆகிய மூவரும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். சோற்றையும் பாணையும் எழுதுகிறோம். கீரை, மரக்கறி, பழம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்கவேண்டுமா? சிறிய கேள்வியாகத் தோன்றினாலும், ஒருவரது உடல்நலமும், ஒரு திட்டத்தின் பணம் எங்கே போய்ச் சேரும் என்பதும் இதன் விடையில் தங்கியிருக்கின்றன. எனவே இதைப்பற்றிச் சற்று விரிவாகச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

கலோரி என்பது உணவு நமது உடலுக்குத் தரும் சக்தியின் அளவு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க விஞ்ஞானி அற்வாட்டர் வகுத்த முறையே இன்றும் பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது. மாப்பொருளுக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி, நீருக்கு ஒன்றுமில்லை. கீரையிலும் காய்களிலும் பெரும்பகுதி நீராகையால், இந்த அளவுகோலில் அவை மிகவும் பின்தங்கி நிற்கின்றன. 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரி உண்டு. அதே எடையுள்ள வெள்ளரிக்காயில் 15, கத்தரிக்காயில் 25, வெண்டிக்காயில் 33 கலோரி மட்டுமே.

ஆனால் மரக்கறி, பழம் என்று நாம் பொதுவாக அழைப்பவை எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. 100 கிராம் மரவள்ளிக் கிழங்கில் ஏறத்தாழ 160 கலோரி உண்டு. ஈரப்பலாக்காயிலும் பலாச்சுளையிலும் 100 அளவிலும், வாழைப்பழத்தில் 90 அளவிலும், மாம்பழத்தில் 60 அளவிலும் உண்டு. காலையில் மரவள்ளியை அவித்து உண்பவர் அதே எடைச் சோற்றைவிடக் கூடுதலான சக்தியையே பெறுகிறார். ஆகவே எல்லாவற்றையும் கணக்கிலிருந்து விட்டுவிடுவது தவறு. வல்லாரையை இலை இலையாக எண்ணுவதும் வீண்வேலை.

நீரிழிவையோ உடல் எடையையோ கட்டுப்படுத்தக் கணக்கெழுதுவோருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். கீரைகள், புடலங்காய், வெண்டி, கத்தரி, பயற்றங்காய் போன்றவற்றைக் கலோரிக்காக எழுதவேண்டியதில்லை, தாராளமாக உண்ணலாம். கிழங்கு, ஈரப்பலா, பலா ஆகியவற்றைச் சோற்றைப் போலவே எழுதவேண்டும். அவற்றை உண்ணும் வேளையில் சோற்றைக் குறைக்கவும் வேண்டும். பழத்தையும் எழுதவேண்டும். "பழந்தானே" என்று இரவில் மூன்று வாழைப்பழம் உண்பவர் ஒரு கோப்பைச் சோற்றின் சக்தியைக் கூடுதலாக உண்கிறார். அதற்காகப் பழத்தையே கைவிடச் சொல்லவில்லை. அளவறிந்து உண்ணச் சொல்கிறோம். இன்னொன்றையும் மறக்கலாகாது. பூசணிக்காயில் கலோரி குறைவு. ஆனால் அதன்மேல் ஊற்றும் தேங்காய்ப்பாலில் கலோரி மிக அதிகம். 100 கிராம் தேங்காயில் ஏறத்தாழ 350 கலோரியும், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரியும் உண்டு. சிறுநீரக நோயாளர் மட்டும் கீரையையும் பழத்தையும் தமது வைத்தியரின் சொற்படியே உண்ணவேண்டும்.

இது தனிமனிதருக்குரிய விடை. சமூகத்துக்காகத் திட்டமிடுவோரிடம் இதே கேள்வி வரும்போது ஆபத்து வேறு வடிவம் எடுக்கிறது. கீரையில் கலோரி இல்லை, ஆகவே அது கணக்கில் இல்லை, ஆகவே அது திட்டத்திலும் இல்லை என்று எண்ணம் படிப்படியாக வழுக்கிச் செல்கிறது.

நமது துறைமுகத்தோடு தொடர்புடைய வரலாறே இதற்கு ஒரு பாடமாகும். 1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். அதே ஆண்டிலேதான் அவர்களது கடற்படை தன் மாலுமிகளுக்கு எலுமிச்சஞ்சாற்றை ஒழுங்காக வழங்கத் தீர்மானித்தது. அதுவரை பிஸ்கட்டையும் உப்பிட்ட இறைச்சியையும் வயிறார உண்டுவந்த மாலுமிகள், நீண்ட பயணங்களில் ஸ்கேவி நோயினால் முரசில் இரத்தம் கசிந்து, ஆறிய புண்கள் மீண்டும் திறந்து மாண்டனர். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் இந்நோயைத் தீர்க்கும் என்பதை ஜேம்ஸ் லிண்ட் என்ற வைத்தியர் 1747இலேயே பரிசோதித்துக் காட்டியிருந்தார். அது நடைமுறைக்கு வர 48 ஆண்டுகள் சென்றன. அந்த மாலுமிகளின் உணவில் சக்திக்குக் குறைவில்லை, குறைந்தது உயிர்ச்சத்து.

இந்தப் பாடம் பின்னரும் மறக்கப்பட்டது. 1980களில் சோமாலியாவிலும் சூடானிலும் இருந்த எதியோப்பிய அகதிகளின் முகாம்களில் ஸ்கேவி மீண்டும் தலைகாட்டியது. அவசரகால நிவாரணத்தைத் திட்டமிடுவோர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்ற அளவை வைத்திருக்கின்றனர். அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் ஆகியவற்றால் அந்த எண்ணை நிரப்பலாம். அவை பழுதடையாமல் லொறியிலும் வரும். 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் ஆண்டுக்கணக்காகத் தங்கிய மக்களுக்கு இந்த உலர் உணவின் அருமையும் தெரியும், குறையும் தெரியும். வயலும் தோட்டமும் மாடும் உடையவர்களாய் வாழ்ந்த அவர்கள், ஒரு பிடி கீரைக்கும் காசு தேடவேண்டியவராயினர்.

வறுமையை அளக்கும் கோலும் இதே அளவில்தான் தொடங்குகிறது. 2002ஆம் ஆண்டு ஆய்வை அடிப்படையாகக் கொண்டு இலங்கையின் உத்தியோகபூர்வ வறுமைக்கோடு வகுக்கப்பட்டபோது, ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,030 கலோரி என்பதே உணவுக்குரிய அளவாகக் கொள்ளப்பட்டது. எந்த அளவையும் வகுக்காமல் திட்டமிட முடியாது என்பதை ஏற்கிறோம். எனினும் கலோரியை மட்டும் தேடிப் புறப்படுபவருக்குச் சீனன்குடாவில் பிறீமா ஆலை அரைக்கும் கோதுமை மாவே போதும். ஒரு கிலோவில் ஏறத்தாழ 3,500 கலோரி கிடைத்துவிடும். பாணும் சீனி போட்ட தேநீரும் உட்கொண்டே கணக்கில் பசியற்றவராகிவிடலாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவு விலைகள் ஓராண்டில் 94.9 வீதம் உயர்ந்திருந்தன. அந்நாட்களில் ஏழைக் குடும்பங்கள் முதலில் குறைத்துக்கொண்டவை மீன், மரக்கறி, பழம் ஆகியவையே. வயிறு ஒருவாறு நிரம்பியது. தாயின் இரத்தச்சோகையையும் பிள்ளையின் வளர்ச்சிக் குறையையும் கலோரிக் கணக்கு காட்டித்தரவில்லை.

திருவிவிலியத்தில் எண்ணிக்கை நூல் இதனோடு ஒத்த ஒன்றைச் சொல்கிறது. பாலைநிலத்தில் மன்னாவை உண்டு வந்த மக்கள், எகிப்தில் உண்ட வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுதனர். அவர்களது முறுமுறுப்பைத் திருநூல் பாராட்டவில்லை. ஆயினும் மனிதன் ஒரே உணவால் மனநிறைவு அடைவதில்லை என்ற உண்மையை அது மறைக்கவுமில்லை. நிவாரணம் பெறுபவர் கீரை கேட்டால் அதை நன்றிகெட்டதனம் என்று கருதுவோர் நம்மிடையேயும் உளர். அவ்வாறு கருதுவது நீதியன்று.

"ஏழைப் பெண்களைக் கணக்கப்பிள்ளைகள் ஆக்குகிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. கீரையின் கலோரியை எழுதச் சொல்வது அவர்களது நேரத்தை வீணாக்கும். நாம் கேட்பது பதிவேட்டில் இரண்டு நிரல்களை மட்டுமே. முதலாவது நிரலில் சோறு, பாண், கிழங்கு, ஈரப்பலா, தேங்காய், எண்ணெய், சீனி, பழம் ஆகியவற்றைச் சக்திக்காக எழுதுவோம். இரண்டாவது நிரலில் கீரை, மரக்கறி, பழம் ஆகியவற்றைக் கலோரியின்றி, கைப்பிடி அளவில் எழுதுவோம். பழம் இரண்டிலும் இடம்பெறும். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஏறத்தாழ ஐந்து கைப்பிடி. கிழங்குகள் இந்த 400 கிராமில் சேரா.

இரண்டாவது நிரல் வெறுமையாக இருந்தால் அது நம்மைக் கேள்வி கேட்கும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, சித்திரை தொடங்கி ஆவணிவரை கிணறுகள் வற்றும் மாதங்களில் இவ்வூரில் கீரைக்கு நீர் எங்கே? கட்டாக்காலி மாடுகளிடமிருந்து தோட்டத்தைக் காக்க வேலிக்குப் பணம் ஒதுக்கினோமா? விதைப்பொதி கொடுத்ததோடு நமது கடமை முடிந்துவிட்டதா? முருங்கையும் பப்பாசியும் சிறிது நீரில் வளர்பவை. பொன்னாங்கண்ணிக்குக் கிணற்றடியின் கழிவுநீரே போதும். கீரை வறையில் தேசிக்காய்ப் புளி சேர்த்தால் அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்கும். பெருஞ்செலவில்லாத இவ்வழிகள்கூடப் பதிவேட்டில் இடம் கிடைத்தாலன்றித் திட்டத்தில் இடம்பெறுவதில்லை. எழுதப்படாததற்கு நிதி ஒதுக்கப்படாது என்பது அபிவிருத்திப் பணியில் உள்ள நாம் யாவரும் அறிந்ததே.

ஆகவே கீரைக்கும் கணக்கு வேண்டும். ஆனால் அது கலோரிக் கணக்கு அல்ல. அடுத்த முறை குடும்பங்களின் உணவுப் பதிவேட்டைத் திறக்கும் நமது கிராமச் சங்கங்கள், சோற்றுக்கு அருகே இன்னொரு கோட்டைக் கிழித்துத் தொடங்கட்டும்.