மேல்வீட்டு நாற்காலியும் கீழ்வீட்டுத் தூக்கமும்

அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்வீட்டார் நாற்காலியை இழுக்கும் சத்தம் சில நொடிகளில் முடிந்துவிடும். கீழ்வீட்டில் படுத்திருக்கும் இருவரில் ஒருவர் புரண்டு படுத்து உறங்கிவிடுவார். மற்றவர் அடுத்த சத்தம் எப்போது வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு விழித்துக் கிடப்பார். இரண்டாமவரிடம் இருப்பது ஒலிக் கூருணர்வு. இது காதின் கூர்மையால் வருவதில்லை; கேட்ட சத்தத்தை மனமும் உடலும் எதிர்கொள்ளும் விதத்தைப் பொறுத்தது. சாதாரண ஒலிகூடக் காதில் வலியாகப்படுவது ஹைபரகூசிஸ். மெல்லுவது, உறிஞ்சுவது போன்ற குறிப்பிட்ட சத்தங்கள் அடக்க முடியாத எரிச்சலைக் கிளப்புவது மிசோபோனியா. இந்த இரண்டுக்கும் மருத்துவ ஆலோசனை தேவை. பெரும்பாலோரின் சிக்கல் அந்த அளவுக்குப் போவதில்லை.

சத்தம் எவ்வளவு பெரிது என்பதைக் காட்டிலும், அதை நிறுத்தும் வழி கையில் இருக்கிறதா என்பதே மனிதரை அதிகம் பாதிக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் கிளாஸும் ஜெரோம் சிங்கரும் செய்த சோதனைகள் இதைக் காட்டின. அவை 1972இல் நூலாக வந்தன. ஒரு பிரிவினரிடம் ஒரு பொத்தானைக் காட்டி, அதை அழுத்தினால் இரைச்சல் நின்றுவிடும், ஆனால் முடிந்தவரை அழுத்த வேண்டாம் என்றார்கள். பெரும்பாலோர் அழுத்தவே இல்லை. அப்படியும், இரைச்சல் முடிந்தபின் கொடுத்த வேலைகளை, பொத்தான் இல்லாதவர்களைவிட இவர்கள் சோராமல் செய்தார்கள். சொந்த வீட்டு மிக்ஸியின் அலறல் உறுத்தாததும், அடுத்த வீட்டு மிக்ஸியின் முனகல் உறுத்துவதும் இதனால்தான்.

சத்தம் வரும் இரு வழிகள்

பக்கத்து வீட்டுச் சத்தம் காற்று வழியாகவும் வரும், கட்டடத்தின் உடல் வழியாகவும் வரும். பேச்சும் தொலைக்காட்சியும் காற்று வழி. இவற்றைத் தடுப்பதில் சுவரின் கனத்தைவிட இடுக்குகளை அடைப்பதே முக்கியம். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும். சுவர் எவ்வளவு கனமானாலும் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஆகவே கதவின் அடி இடைவெளியையும் ஜன்னல் சட்டத்தின் விளிம்பையும் ரப்பர் பட்டை ஒட்டி அடைப்பதுதான் முதல் வேலை. திரைச்சீலை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். வெளிச்சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது.

நாற்காலி இழுபடுவது, கதவு அறைபடுவது, கிரைண்டரின் அதிர்வு ஆகியவை கட்டட வழி. பொதுச் சுவரில் பதித்த சமையல் மேடையில் மிக்ஸி ஓடினால், அந்தச் சுவரே ஒலிபெருக்கியாகிவிடும். கேட்பவர் தம் பக்கம் என்ன செய்தாலும் பலன் குறைவு; சத்தம் பிறக்கும் இடத்தில்தான் தீர்க்க வேண்டும். மிக்ஸிக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை என்று வழிகள் எளிமையானவை, செலவும் அதிகமில்லை. சிக்கல் என்னவென்றால், அவற்றைச் செய்ய வேண்டியவர் மேல்வீட்டுக்காரர்.

கேட்பவர் கையில் இருப்பது

மின்விசிறி போன்ற சீரான மெல்லொலி, திடீர்ச் சத்தங்களை ஓரளவு மூடிவிடும். காதடைப்பான் தூங்கும் நேரத்துக்கு உதவும். ஆனால் நாள் முழுவதும் அணிந்தால் எதிர்விளைவு வரும். இரண்டு வாரம் ஏறக்குறைய இடைவிடாமல் காதை அடைத்திருந்தவர்களுக்கு ஒலிகள் முன்பைவிட உரக்கக் கேட்டதாக 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முழு அமைதியைத் தேடுவது காதை மேலும் கூராக்கிவிடுகிறது.

சட்டத்தின் எல்லை

இந்தியாவின் ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தன. குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. தனியார் இடத்து ஒலிக்கருவியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. சென்னையில் ஒரு வழிபாட்டுத் தலத்தின் ஒலிபெருக்கியை எதிர்த்து அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் தொடுத்த வழக்கில், அண்டை வீட்டார் அமைதியைக் குலைத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் தீர்ப்பளித்தது.

ஆனால் இந்த வரம்புகள் நேரச் சராசரியைக் கணக்கிடுபவை. நள்ளிரவில் நாலைந்து முறை இழுபட்ட நாற்காலி அந்தச் சராசரியில் கரைந்துபோகும். கெட்ட தூக்கம் கணக்கில் வராது. சட்டம் ஒலிபெருக்கிக்கு உதவும், நாற்காலிக்கு உதவாது.

எஞ்சுவது பேச்சு. அதற்கும் பக்குவம் வேண்டும். சத்தம் கேட்டுக் கொதித்த நிமிடத்தில் கதவைத் தட்டினால் அது சண்டையில்தான் முடியும். பகலில், நிதானமாகப் பேச வேண்டும். “உங்கள் வீட்டில் எப்போதும் சத்தம்” என்பது குற்றச்சாட்டு. “ராத்திரி பத்து மணிக்கு மேல் நாற்காலியைத் தூக்கி நகர்த்த முடியுமா?” என்பது, செய்யக்கூடிய ஒரு வேலையைக் கேட்பது. ரப்பர் உறையைக் கையோடு வாங்கிப் போய்க் கொடுப்பவருக்குப் பதில் இன்னும் இணக்கமாகவே கிடைக்கும். நேரில் கேட்கத் தயங்குபவர்கள், குடியிருப்போர் சங்கம் வழியாக எல்லா வீடுகளுக்கும் பொதுவான நேர ஒழுங்கைக் கொண்டுவரலாம்.

கிரைண்டர் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத்தான் ஓடும் என்று ஏற்பாடாகிவிட்டால், சத்தத்தின் டெசிபல் குறைவதில்லை. எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பது தெரிந்துவிடுகிறது. மாற்றச் சொல்ல ஒரு வாசலும் இருக்கிறது. கிளாஸும் சிங்கரும் காட்டிய பொத்தான் அதுதான்.