வேகத்தைக் குறைத்துத்தான் பாருங்களேன்!

கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்றைப் புதிதாக வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, "இதன் வேகத்தை இன்னும் கூட்ட முடியுமா?" என்பதுதான். பல கருவிகளில் முடியும். இதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். ஆனால் "இதன் வேகத்தைக் குறைக்க முடியுமா?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. என்னைக் கேட்டால், கையில் வைத்து இயக்கும் கம்ப்யூட்டருக்கு இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். வேகத்தைக் குறைத்து இயக்கும் இந்த முறைக்கு அண்டர்கிளாக்கிங் என்று பெயர்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். பிராசஸர் ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப வேலை செய்கிறது. ஒரு மெகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்குப் பத்து லட்சம் துடிப்புகள். துடிப்பைக் கூட்டினால் வேலை வேகமாக நடக்கும். மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். ஒரு கட்டத்துக்கு மேல், வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. பிராசஸர் செயல்படுகையில் செலவாகும் மின்சக்தி, துடிப்பின் அளவையும் வோல்டேஜின் வர்க்கத்தையும் பொறுத்தது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். துடிப்பை 20 சதவீதமும் வோல்டேஜை 10 சதவீதமும் கூட்டினால், மின்செலவு ஏறத்தாழ 45 சதவீதம் கூடும். அதே அளவு இரண்டையும் குறைத்தால், செலவு 35 சதவீதம் குறையும். அதாவது ஐந்தில் ஒரு பங்கு வேகத்தை விட்டுக் கொடுத்தால், பிராசஸர் எடுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். இது நல்ல வியாபாரம் அல்லவா?

மேஜைக் கம்ப்யூட்டருக்குச் சுவரில் பிளக் இருக்கிறது. பெரிய மின்விசிறி இருக்கிறது. கையடக்கக் கருவிக்கோ சிறிய பேட்டரிதான். வெப்பமும் உங்கள் உள்ளங்கைக்குத்தான் வந்து சேரும்.

மெகாஹெர்ட்ஸ் கூடினால் வேகம் அதே அளவு கூடும் என்பதும் உண்மையல்ல. 2000ல் வந்த காம்பேக் ஐபேக் பாக்கெட் பிசியில் 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் பிராசஸர் இருந்தது. 2002ல் இன்டெல் நிறுவனத்தின் 400 மெகாஹெர்ட்ஸ் எக்ஸ்ஸ்கேல் பிராசஸருடன் புதிய பாக்கெட் பிசிக்கள் வந்தன. எண் ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் பல வேலைகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்போதைய ஆப்பரேட்டிங் சிஸ்டம் புதிய பிராசஸருக்கென எழுதப்படாததே முக்கியக் காரணம்.

அந்த நாட்களில் ஆபத்தும் பெரிது. 2005ல் விண்டோஸ் மொபைல் 5.0 வரும் வரை, பாக்கெட் பிசியில் முகவரிகளும் குறிப்புகளும் ராம் மெமரியில்தான் தங்கின. பேட்டரி முழுவதும் தீர்ந்து போனால் அவை அழிந்துவிடும். வேகத்தைக் கூட்டியதால் கருவி உறைந்து, ஹார்ட் ரீசெட் செய்ய நேர்ந்தாலும் அதே கதிதான். சில நொடிகளை மிச்சப்படுத்தப் போய், சேர்த்து வைத்த எண்களையெல்லாம் பறிகொடுப்பது என்ன லாபம்?

தயாரிப்பாளர்களே வேகத்தைக் கட்டி வைத்ததும் உண்டு. 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியான சோனி பிஎஸ்பி கருவியின் பிராசஸர் 333 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லக் கூடியது. ஆனால் கேம்களுக்கு 222 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. 2007ல் வந்த 3.50 பதிப்பில்தான் இந்தத் தடை நீங்கியது. இப்படி அளவோடு தொடங்குவது தவறல்ல என்பது என் கருத்து. ஆனால் அளவை மாற்றும் உரிமை, பணம் கொடுத்து வாங்கியவருக்கும் இருக்க வேண்டும்.

இன்று அந்த உரிமை பல கருவிகளில் கிடைக்கிறது. 2022ல் வந்த ஸ்டீம் டெக் கருவியில் பிராசஸருக்கான வாட் வரம்பை மெனுவிலேயே குறைக்கலாம். 2023ல் வந்த அசுஸ் ஆர்ஓஜி ஆலையில் 10, 15, 25 வாட் என மூன்று நிலைகள் உள்ளன. இதன் பேட்டரி 40 வாட்‑மணி. பிராசஸர் 25 வாட் எடுத்தால், ஸ்கிரீனையும் மற்றவற்றையும் கணக்கில் சேர்க்காமலேயே பேட்டரி ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும். 10 வாட்டில் அதே கணக்கு நான்கு மணி நேரம்.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. வேலையை வேகமாக முடித்துவிட்டு பிராசஸர் ஓய்வெடுப்பதே சிக்கனம் என்பார்கள். ஒரு பைலைத் திறப்பது போன்ற குறுகிய வேலைகளுக்கு இது சரியே. ஆனால் கேம் போன்ற வேலைகளில் பிராசஸருக்கு ஓய்வே இல்லை. அங்கே வேகத்தைக் குறைப்பதுதான் பலன் தரும். அதற்காக அடிமட்டத்துக்கு இறக்கவும் வேண்டாம். ஸ்கிரீன் எடுக்கும் மின்சாரம் பிராசஸரின் வேகத்தோடு குறைவதில்லை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். லித்தியம் அயன் பேட்டரிக்கு ஆயுள் உண்டு. வெப்பமும் அடிக்கடி சார்ஜ் செய்வதும் அதைக் குறைக்கும். உள்ளே ஒட்டி மூடப்பட்ட பேட்டரியை மாற்றுவது எளிதல்ல, செலவும் பிடிக்கும்.

எனவே புதியவர்களுக்கு என் யோசனை இது. நீங்கள் வழக்கமாக ஆடும் கேமை இயக்குங்கள். வாட் வரம்பை ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். படம் தடுமாறத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு படி மேலே ஏற்றுங்கள். விநாடிக்கு 60 பிரேம் என்பதை 40 ஆக்கிப் பாருங்கள். ஸ்கிரீன் வெளிச்சத்தையும் குறையுங்கள். இவற்றால் கருவிக்கு எந்தத் தீங்கும் இல்லை. பிடிக்காவிட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்பலாம். வோல்டேஜை மாற்றித் தரும் வெளி சாப்ட்வேர்களை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

பயணத்தின் பாதியில் அணைந்து போகும் கம்ப்யூட்டர் எத்தனை வேகமாக ஓடினால் என்ன? ஊர் போய்ச் சேரும் வரை உழைப்பதே கையடக்கக் கம்ப்யூட்டருக்கு அழகு.