எடுத்த தண்ணியைத் திருப்பிக் கொடுத்தாச்சா? கோகோ கோலா போடும் நீர்க் கணக்கு என்ன சொல்கிறது?

பானங்களுக்குப் பயன்படுத்தும் தண்ணீரை விட அதிகமாகவே இயற்கைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்கிறது கோகோ கோலா. பாட்டிலில் அடைத்து விற்ற தண்ணீரை எப்படித் திருப்பிக் கொடுக்க முடியும்? இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது? அதில் எது விட்டுப்போகிறது?

என்ன வாக்குறுதி?

பானங்களிலும் அவற்றின் தயாரிப்பிலும் செலவாகும் ஒவ்வொரு சொட்டு நீருக்கும் ஈடு செய்வதாக 2007-ல் கோகோ கோலா அறிவித்தது. இலக்கு ஆண்டு 2020. ஆனால் ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே, 2015-லேயே அதை எட்டிவிட்டதாக நிறுவனம் சொன்னது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 19,190 கோடி லிட்டர், அதாவது பானங்களில் போன தண்ணீரில் 115 சதவீதம் திருப்பித் தரப்பட்டது என்பது அதன் கணக்கு.

எப்படித் திருப்பிக் கொடுக்கிறார்கள்?

ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியே விடுவது ஒரு வழி. ஆனால் பாட்டிலுக்குள் போன தண்ணீர் திரும்பி வராதே? அதற்கு ஈடாக தடுப்பணை கட்டுவது, நீர்ப்பிடிப்புப் பகுதிகளைச் சீரமைப்பது, கிராமங்களுக்குக் குடிநீர் வசதி செய்வது போன்ற திட்டங்களுக்குப் பணம் தருகிறார்கள். அவற்றால் எத்தனை லிட்டர் சேரும் என்று மதிப்பிட்டு, விற்ற பானத்தின் அளவோடு ஒப்பிடுகிறார்கள்.

சரிதானே என்று தோணலாம். ஆனால் சிக்கலே இங்கதான் இருக்கு.

சிக்கல் 1: எந்த ஊர்த் தண்ணி?

கார்பன் வெளியேற்றத்தை எந்த நாட்டில் குறைத்தாலும் மொத்த உலகத்துக்கும் லாபம். தண்ணீர் அப்படி இல்லை. ஓர் ஊரில் கிணறு வற்றினால், வேறொரு மாநிலத்தில் கட்டிய தடுப்பணை அந்தக் கிணற்றை நிரப்பாது. உலக அளவில் கூட்டிச் சொல்லும் 115 சதவீதத்தில் இந்த வித்தியாசம் மறைந்துபோகிறது.

இடம் ஏன் முக்கியம் என்பதற்கு உதாரணம், தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடா. 2007 வாக்குறுதிக்கு முந்தைய கதை இது. 2000-ல் அங்கு கோகோ கோலா ஆலை தொடங்கியது. கிணறுகள் வற்றுகின்றன, இருக்கும் தண்ணீரும் கெட்டுவிட்டது என்று 2002-ல் பழங்குடி மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2003-ல் பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது.

நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. மழை குறைந்ததே காரணம் என்றது. நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று 2003-ல் கேரள உயர் நீதிமன்றத் தனி நீதிபதி சொன்னார். 2005-ல் இரு நீதிபதிகள் அமர்வோ, தினமும் 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. ஆனாலும் ஆலை மீண்டும் இயங்கவில்லை. 2010-ல் கேரள அரசின் உயர்மட்டக் குழு மதிப்பிட்ட இழப்பு ரூ.216.26 கோடி. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

சிக்கல் 2: சர்க்கரையின் தண்ணி எங்கே?

சர்க்கரை சேர்த்த அரை லிட்டர் குளிர்பானம் ஒன்றுக்கு மொத்தம் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் கணக்கிட்டார்கள். சர்க்கரை எந்தப் பயிரிலிருந்து, எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து 169 முதல் 309 லிட்டர் வரை! அதில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆலைக்கு வெளியே, பெரும்பாலும் வயல்களில் செலவாகும் நீர். ஆனால் நிறுவனம் ஈடு செய்ததாகச் சொல்லும் கணக்கில் இந்தப் பங்கு இல்லை.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

நெல்லை கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் தருவதற்கு, 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. மறுநாளே நீதிமன்றம் அந்த வழக்குகளைத் தள்ளுபடி செய்ய, தடை விலகியது. உபரி நீரைத்தான் தருகிறோம் என்பது அரசுத் தரப்பு வாதம்.

இப்போது மாறியது என்ன?

உலக மொத்தக் கணக்கு மட்டும் போதாது என்பதை நிறுவனமும் இப்போது ஏற்கிறது. தண்ணீர் நெருக்கடி உள்ள இடங்களில் இருக்கும் 175 ஆலைகளில் 2030-க்குள் தனி இலக்கை எட்டுவோம் என்று 2021-ல் சொன்னது. 2024 டிசம்பரில் இலக்குகளைத் திருத்தி, காலக்கெடுவை 2035-க்குத் தள்ளியது. அபாயம் அதிகமுள்ள இடங்களின் எண்ணிக்கை 200-க்கும் மேல் ஆனது.

நாம் கேட்க வேண்டியது என்ன?

கோக் மட்டுமல்ல, எந்த நிறுவனம் 'நீர் சமநிலை' என்று விளம்பரம் செய்தாலும் நான்கு கேள்விகள் போதும்:

• எடுத்த அதே ஆற்றுப்படுகையில்தான் திருப்பித் தந்தார்களா?
• மழைக்காலத்திலா, தட்டுப்பாடு உள்ள கோடையிலா?
• மூலப்பொருளுக்குச் செலவான நீரும் கணக்கில் உண்டா?
• கணக்கைச் சரிபார்த்தது யார்? ஆலைவாரியான விவரம் வெளியே இருக்கா?

இவற்றுக்குப் பதில் இல்லாமல் சதவீதம் மட்டும் சொன்னால், அது ஆலைக்குப் பக்கத்துக் கிணற்றைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.